புரட்டிப் போடும் கை யாருடையது?

தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து, முதுகுத் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கே இரண்டு பேருக்குப் பாடம் நடக்கும். அடிபட்டவருக்கு பிசியோதெரபி. கூட இருப்பவருக்கு மற்ற எல்லாமும்: ராத்திரியில் எப்போது புரட்டுவது, கதீட்டரை எப்படிப் போடுவது, மலத்தை எப்படி எடுப்பது, எந்தச் சிவப்பைக் கண்டால் பயப்படுவது. கூட இருப்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. நம் ஊரில் தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு இந்த இரண்டாவது ஆளை நம்பித்தான் நடக்கிறது. இந்த வழக்கம் உயிரைக் காக்கிறது. காத்த உயிரை வாழவிடுகிறதா என்பதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அதிக காலம் பிழைத்ததில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொண்டுபோயின. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் போடச் சொன்னார். சாவு குறைந்தது. அங்கே அதற்கென்று சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். இங்கே அதே வேலையை ஒரு பெண் தன் தூக்கத்தைக் கொடுத்துச் செய்கிறாள், ஆண்டுக்கணக்கில்.

அவள் கற்றுக்கொள்ளும் மருத்துவமும் சாதாரணமானதல்ல. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் எகிறும். யூரின் டியூப் எங்கோ மடங்கிச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், அவ்வளவுதான் காரணம். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, டியூபின் மடிப்பை எடுத்துவிட்டால் பல நேரங்களில் அடங்கிவிடும். விட்டுவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். இது தெரிந்த மனைவி வீட்டில் இருப்பது பெரிய பாதுகாப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் குட்மன் செய்ததில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். புண் ஆறியதும் அவர் தம் நோயாளிகளைப் பட்டறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விரட்டினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். பாராலிம்பிக்கின் விதை அது. புரட்டிப் போட்டதே அவர்களை எழுப்பி வெளியே அனுப்பத்தான். நம் வீடுகளில் புரட்டிப் போடுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவருக்குக் கைகள் இரண்டும் திடமாக இருக்கும். அவர் தாமே கதீட்டர் போட்டுக்கொள்ளலாம். கட்டிலிலிருந்து வீல்சேருக்குப் பலகை வைத்து நகரலாம். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் புட்டத்தில் சிவப்பு இருக்கிறதா என்று தாமே பார்க்கலாம். விரலால் அழுத்தி எடுத்தபின் வெளுக்காத சிவப்பு என்றால் அன்று அந்த இடத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளலாம். இவற்றை அவருக்குச் சொல்லித்தராமல், அல்லது சொல்லித் தந்ததை வீட்டில் செய்யவிடாமல், ‘நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்வது பாசம்தான். அந்தப் பாசம் முப்பது வயது ஆளைக் கைக்குழந்தை ஆக்கிவிடுகிறது.

அந்த வீட்டுக் கணவன் மனைவி உறவைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. காலையில் மலம் எடுத்த கையோடு இரவில் மனைவியாக இருப்பது எத்தனை கடினம் என்று எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதியிருக்காது. தண்டுவடம் அடிபட்ட பெண்கள் கருத்தரித்துப் பிள்ளை பெறலாம். ஆண்களும் மருத்துவ உதவியோடு தகப்பனாகலாம். அதைச் சொல்ல டாக்டருக்குக் கூச்சம், கேட்க இவர்களுக்குக் கூச்சம். அடிபட்டது மனைவியாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல வீடுகளில் மறுபடி அவளுடைய அம்மா தலையிலேயே விழுகிறது.

வேறு மாதிரி வாழ்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த இளம் டாக்டர். அதன்பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் உருவானது. இதை மன உறுதியின் கதையாகவே நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை சிகிச்சையை அவருக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரு பணியிடம் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணன் கதை என் வாதத்தையே கொஞ்சம் திருத்தச் சொல்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். எல்லாவற்றுக்கும் பிறர் கை வேண்டும். அப்படியிருந்தும் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆக, எல்லாம் தன் கையால் செய்தால்தான் முழு வாழ்க்கை என்று அளக்க முடியாது. எப்போது எழுவது, எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்பதை அடிபட்டவர் முடிவு செய்கிறாரா என்றே பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதை முடிவு செய்வது கூட இருப்பவரின் வேலை நேரமும் அவருடைய முதுகுவலியும்தான்.

குடும்பத்தைக் குறை சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. கதீட்டர், கையுறை, டயாப்பர் செலவுக்கே அது காணாது. ஓர் ஆளை வைத்துக்கொள்வது எங்கே? கூடுதல் உதவி தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கும் படி வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் படி ஒரு கூலியாளின் சம்பளத்துக்கு ஈடாக இருந்தால், மனைவி தன் வேலைக்குப் போகலாம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. அவர் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவதோடு, அடிபட்டவரைத் தாமே வீல்சேரில் ஏறவைத்துக் கக்கூஸ் வரை போகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாசற்படி தடுக்கும், கதவு அகலம் போதாது. எதை இடிக்க வேண்டும், எங்கே சாய்தளம் போட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். அந்த வேலைக்கும் அரசுப் பணம் வரட்டும். கொத்தனாரை என்றைக்கு வரச் சொல்வது என்பதை வீல்சேரில் இருப்பவர் சொல்லட்டும்.