மூன்று ஒன்பதுகளின் மயக்கம்

"எங்கள் காலிபரேஷன் கோட்டின் ஆர்-ஸ்கொயர் 0.999. அப்புறம் என்ன சந்தேகம்?" ஏற்றுமதிச் சரக்கின் சோதனை முடிவை யாராவது துருவிக் கேட்டால், ஆய்வகத் தரப்பிலிருந்து பெரும்பாலும் வரும் பதில் இது. 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வாயுவின் எச்சத்தைக் காட்டி ஹாங்காங் சில இந்திய மசாலாப் பொடிகளின் விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பிறகு இந்தப் பதிலின் குரல் இன்னும் உயர்ந்திருக்கிறது. கொச்சியின் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகும் ஏலமும் கைமாறும்போது, மூட்டையோடு ஆய்வகச் சான்றும் கைமாறுகிறது. அந்தச் சான்றின் அடியில் படுத்திருப்பது ஒரு கோடு. அதற்குக் காவலாக நிறுத்தப்பட்டிருக்கும் எண், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர்; முழுதாக ஒட்டினால் 1. அந்த எண்ணின் மேல்தான் என் வழக்கு.

கோட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. இந்த ஆய்வுக் கருவிகளுக்கு மில்லிகிராம் தெரியாது. அவை தருவது வரைபடத்தில் எழும் முகட்டின் (பீக்) பரப்பு மட்டுமே. அளவு தெரிந்த கரைசல்களைச் செலுத்தி, அளவுக்கும் பரப்புக்கும் உள்ள உறவைக் கோடாக்கி, தெரியாத மாதிரியை அதில் வைத்துப் படிப்பதைவிட நேர்மையான வழி கிடையாது. 2003-ல் பிரான்ஸ் இந்திய மிளகாய்ப் பொருள்களில் சூடான்-1 சாயத்தைப் பிடித்ததும் இப்படி அளந்துதான். ஆர்-ஸ்கொயரும் அடியோடு வீணல்ல. பிப்பெட்டில் கை தவறியதையோ குப்பி மாறியதையோ அது காட்டிக்கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மில்லிலிட்டருக்கு 1, 5, 10, 50, 100 நானோகிராம் என ஐந்து ஸ்டாண்டர்டு கரைசல்கள். கருவி தந்த பரப்பு முறையே 100, 500, 1000, 5100, 9700 என்று வைத்துக்கொள்வோம். கீழ் மூன்றும் இம்மி பிசகவில்லை. 50 இரண்டு விழுக்காடு கூடுதல், 100 மூன்று விழுக்காடு குறைவு. எந்த ஆய்வகமும் இதை நல்ல நாள் என்றே சொல்லும். எக்செல்லில் கொடுத்து நேர்கோடு போட்டால் ஆர்-ஸ்கொயர் 0.9993 என்று வருகிறது. தணிக்கைக்கு வந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பைப் புரட்டுவார்.

இப்போது முதல் கரைசலின் பரப்பை அதே கோட்டில் வைத்துத் திருப்பிப் படியுங்கள். நம் கையாலேயே 1 என்று கலக்கிய கரைசலை அந்தக் கோடு 0.56 என்கிறது. நாற்பத்து நான்கு விழுக்காடு காணாமல் போயிருக்கிறது!

எங்கே போனது? சாதாரணக் குறைந்த வர்க்க முறை ஒவ்வொரு விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறது. உச்சியில் 300 பரப்பு பிசகினால் அதன் வர்க்கம் 90,000. அடியில் 46 பிசகினால் இரண்டாயிரத்துச் சொச்சம். உச்சியைச் சமாதானப்படுத்த அடியைப் பலிகொடுப்பது அந்த முறைக்கு லாபம். எனவே கோடு பரப்பு அச்சை ஏறத்தாழ 46-ல் வெட்டுகிறது. 100 பரப்பில் 46-ஐ ஒன்றுமில்லை என்று கழித்துவிடுகிறது. லாரி எடைமேடையில் குங்குமப்பூ நிறுத்தால் இப்படித்தான் இருக்கும். பிசகுகளைத் திசை மாற்றி, 50-ஐக் குறைத்து 100-ஐக் கூட்டிப் பாருங்கள்; அதே 1 இப்போது 1.42 ஆகிவிடும். முதல் கோட்டில் கெட்ட சரக்கு கப்பல் ஏறும், இரண்டாவதில் நல்ல சரக்கு திரும்பி வரும். ஆர்-ஸ்கொயர் இரண்டுக்கும் ஒரே முகத்தோடு ஒன்பதுகளை அடுக்கும்.

சட்டத்தின் வரம்புகளோ பெரும்பாலும் கோட்டின் அடியில்தான் இருக்கின்றன. மசாலாப் பொருளில் எத்திலீன் ஆக்சைடுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். இறாலில் குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2022 நவம்பர் முதல் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. கொச்சியிலிருந்து ஒரு கண்டெய்னர் போவதா நிற்பதா என்று முடிவாகும் அந்த இடத்தில் கோடு என்ன செய்கிறது என்று ஆர்-ஸ்கொயர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இந்த மௌனம் புதிதல்ல. 1973-ல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுதிகளை வரைந்து காட்டினார். ஒன்று ஒழுங்கான சிதறல், ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளியின் அட்டகாசம். நான்குக்கும் ஒட்டுறவு எண் (அதன் வர்க்கம்தான் ஆர்-ஸ்கொயர்) ஒன்றே. அரை நூற்றாண்டு கடந்தும் பாடம் ஆய்வக மேசைக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்று. தூய கரைப்பானில் போட்ட கோட்டுக்கும் 0.999 கிடைக்கும். அந்தக் கோட்டை வைத்து எல்சி-எம்எஸ் கருவியில் மிளகாய்ச் சாற்றைப் படித்தால், சாற்றின் நிறமியும் காரமும் சேர்ந்து பூச்சிமருந்தின் சமிக்ஞையை அமுக்கிவிடும். மருந்து படாத மிளகாயின் சாற்றிலேயே ஸ்டாண்டர்டைக் கலந்து கோடு போடுபவர்கள் இருக்கிறார்கள், போடாதவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பின் சான்றிதழிலும் அந்த எண் ஒன்றுதான்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். தெரியும். பூச்சிமருந்து எச்ச ஆய்வுக்கான ஐரோப்பிய வழிகாட்டி, ஒட்டுறவு எண்ணை அளவுக்கு மீறி நம்பாதீர்கள் என்றே சொல்கிறது. ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் திருப்பிப் படித்து, பிசகு 20 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா பார்க்கச் சொல்கிறது. என் கணக்கின் 0.56 அங்கே முதல் வாசலிலேயே விழுந்திருக்கும். ஆனாலும் திருப்பிப் படித்த அட்டவணையைக் கோப்பில் ஆழப் புதைத்துவிட்டு ஒன்பதுகளை முன்பக்கம் வைக்கிறார்கள். அட்டவணையைப் படிக்க வேதியியல் தெரிய வேண்டும். ஒன்பதுகளை எண்ணுவதற்கு அது வேண்டாம். இது கொஞ்சம் கடுமைதான், மெனக்கெடும் ஆய்வகங்களும் உண்டு. ஆனால் வாங்குபவர் கேட்பதும் விற்பவர் காட்டுவதும் அந்த ஒற்றை எண்ணாக இருக்கும்வரை மெனக்கெடுகிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது?

பரிகாரம் பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் செறிவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் எடை கொடுத்தால், அதே ஐந்து கரைசல்களில் முதலாவது 0.999 என்று வந்து நிற்கும். உச்சியிலுள்ள 100 சுமார் 97 ஆகும், யாருக்கும் நட்டமில்லை. கருவியோடு வரும் மென்பொருள்களில் இந்தத் தேர்வு பொதுவாகவே இருக்கிறது. ஆனால் எடை போட்ட கோட்டுக்கு வழக்கமான முறையில் ஆர்-ஸ்கொயர் கணக்கிட்டால் அது பழைய கோட்டினதைவிட ஒரு மயிரிழை இறங்கும், ஏறவே முடியாது. கடைசி ஒன்பது போய்விடுமே என்று அந்தப் பொத்தானைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் இன்று அளவீட்டின் துல்லியம் பற்றிப் பேசுகிறார்கள்.