நுரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

சிரம்பானில் இப்போது நல்ல லாத்தே கிடைக்கிறது. பழைய கடைவீடுகளில் எஸ்பிரசோ இயந்திரம் வைத்துத் தனியாட்கள் நடத்தும் சிறு கடைகள் பெருகிவிட்டன. அங்கே நான் முதலில் பார்ப்பது பால் காய்ச்சும் கையை. நீராவிக் குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை உரசும் சில விநாடிகளில்தான் நுரையின் தலையெழுத்து முடிவாகிறது. சூடு 60 முதல் 65 பாகைக்குள் நின்றால் பாலின் சொந்த இனிப்பு துலங்கும். மிஞ்சினால் வெந்த வாடை வந்துவிடும்.

ஆனால் நுரையை ரசிக்க இந்த வட்டாரத் தமிழருக்கு இயந்திரம் கற்றுத்தர வேண்டியதில்லை. ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்து ஒட்டுக்கடைகளில் கையை உயர்த்தி இழுக்கும் கோப்பி தாரிக் அந்த வேலையைத்தான் செய்கிறது. பானம் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலக்கிறது, பால் நுரைக்கிறது, சூடும் நாக்குக்கு இதமாகத் தணிகிறது. லாத்தேயின் நுரை பட்டு. தாரிக்கின் நுரை முரடு. அந்த முரட்டுத்தனம் அதன் கோப்பிக்குப் பொருத்தம். கொட்டையை வறுத்து முடிக்கும் தறுவாயில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பதால், கருகிய பாகு கொட்டையின் மேல் கறுப்பாகப் படிகிறது. துணி வடிகட்டியில் இறங்கும் டிகாஷன் தார் நிறத்தில் இருக்கும். அந்தக் கசப்போடு மல்லுக்கட்ட டின் பாலால்தான் முடியும். தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் லயத்தில் குடித்த கோப்பி ஓவுக்கு அதுவும் கிடையாது, சீனி மட்டுமே.

இந்த மண்ணே ஒரு காலத்தில் காப்பி மண். ரப்பருக்கு முன்பு, சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங்கில் தாமஸ் ஹெஸ்லோப் ஹில் போன்ற துரைமார்கள் காப்பி பயிரிட்டார்கள். ரந்தாவ் அருகே லின்சும் தோட்டம் அவற்றில் ஒன்று. 1890களின் இறுதியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. புழுக்கள் இலைகளைத் தின்று தீர்த்தன. தோட்டங்கள் பால்மரத்துக்கு மாறின, நம்மவர் கையில் பால் வெட்டும் உளி ஏறியது.

அன்று இங்கே பரவலாக நட்ட லைபீரிகாதான் இன்றும் மலேசியக் காப்பியில் பெரும்பங்கு. உலக விளைச்சலில் அது மிகச் சொற்பம். கொட்டை பெரிது, ஒரு பக்கம் கோணல். வாசத்தில் பழுத்த பலாச்சுளை. நாட்டின் சிறு வறுப்பாளர்கள் சிலர் இப்போது அதைச் சர்க்கரை சேர்க்காமல், கருக்காமல் வறுக்கிறார்கள். அதை எஸ்பிரசோவாக, 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் இறக்கினால், பலா வாசம் முதல் மிடறிலேயே எழும்.

இங்கேதான் லாத்தேயோடு எனக்கு ஒரு வழக்கு. 30 மில்லி எஸ்பிரசோவின் தலையில் 200 மில்லி பாலை ஊற்றினால் அந்த வாசம் முங்கிப்போகும். கோப்பையின் மேல் அழகான இலை, உள்ளே பால் மட்டும். லைபீரிகாவுக்குச் சின்னக் கோப்பை போதும், பால் பாதி போதும். சிரம்பான் இளைஞர்கள் பால் காய்ச்சும் கலையில் தேறிவிட்டார்கள். பாலை எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் ஒட்டுக்கடைக்காரரிடம் கேட்கலாம். கோப்பியின் கசப்பு அடங்கும் அளவுக்குமேல் அவர் டின் பாலைச் சாய்ப்பதில்லை.