வேலைச் சட்டையை யார் துவைப்பது?

‘தொழில்சார் நோய்’ என்ற சொல்லில் தொழில் எங்கே முடிகிறது? சங்கு ஊதி கேட்டைத் தாண்டியதும் முடிந்துவிடுவதாகத்தான் சட்டமும், சொல்லப்போனால் நம் தொழிற்சங்கச் சொல்லாடலும் வைத்துக்கொண்டிருக்கின்றன. வயதுவந்த ஓர் உடல், எட்டு மணி நேரம். இதை வைத்துத்தான் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ கட்டமைக்கப்படுகிறது. போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பட்டியலும் எட்டு மணி நேரச் சராசரியாகவே நச்சை அளந்தது. தூசிக்கு இந்தக் கணக்கு தெரியாது. சட்டையில் உட்கார்ந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரு பெண்கள் 1965இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகொள்ள வேண்டும். நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்ட 76 பேரின் வேலையையும் குடியிருப்பையும் அவர்கள் துருவினார்கள். 31 பேர் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள். 9 பேர் அந்த வேலையே செய்யாதவர்கள்; அவர்கள் வீட்டில் ஒருவர் செய்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் கணவனின் உடுப்பைத் துவைத்த மனைவிமார். உதறும்போது பறந்த நார், பல பத்தாண்டு கழித்து நோயாகத் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் 11 பேர் ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள்.

முப்பது வருஷம் கழித்து, 1995 ஜனவரியில், நம் உச்சநீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை அடிப்படை உரிமை என்றது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை 40 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. பெரிய தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனா துணி துவைச்சவளுக்கு எந்தப் பதிவேடு? 1923ஆம் வருஷ நஷ்டஈட்டுச் சட்டத்தில் அவள் பெயர் ‘சார்ந்திருப்பவர்’ என்றிருந்தது. அவன் செத்தால் அவளுக்குப் பணம் உண்டு என்றது. அவளுக்கே நோய் வந்தால் அந்தச் சட்டத்தில் அவளுக்கு இடமிருக்கவில்லை.

பீடித் தொழிலில் இந்தக் கேட்டும் கிடையாது. வீடே ஆலை. மடியில் சுளகு, பக்கத்தில் தூங்கும் பிள்ளை, புகையிலைத் தூள் படிந்த அதே விரல்களால் பிசையும் சோறு. எட்டு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

எழுதுகிறவர்களான நமக்கும் இதில் பங்குண்டு. அழுக்குச் சட்டையை உழைப்பின் கொடியாகவும், அதைக் கசக்கிப் பிழிகிற மனைவியை அன்பின் படிமமாகவும் எழுதிப் பழகிவிட்டோம். வியர்வை மணக்கிறது, அந்த மணத்தில் தூசி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்’ என்று சுகாதாரத் துண்டறிக்கை சொல்லும் புத்திமதியும் இதே வேலையைத்தான் செய்கிறது: முதலாளியின் பொறுப்பை அவள் தலையில் கட்டுகிறது.

இதற்கு வழி ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் உடன்படிக்கை, வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவே தடை கேட்கிறது. உடுப்பைச் சுத்தம் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. நாமும் பேச்சுவார்த்தையில் ‘வாஷிங் அலவன்ஸ்’ கூட்டித் தரச்சொல்லித்தான் கேட்கிறோம். அதாவது தூசி வீட்டுக்குப் போவதற்கு மாதாமாதம் ஒரு தொகை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் துவைக்கிறவள் இல்லை.