துளை மூடிவிட்டது, பார்வை?

போன வருஷம் என் அத்தைக்கு மாக்குலாவில் துளை என்றார்கள். விழித்திரையின் நட்டநடுவில், எழுத்து படிக்கவும் முகம் அடையாளம் காணவும் பயன்படுகிற இடத்தில் விழும் சின்னத் துளை. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி, சில நாள் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டர் ஓசிடி ஸ்கேனைக் காட்டி, "பாருங்கம்மா, துளை அழகா மூடிடுச்சு" என்றார். அத்தை சொன்னது: "மூடிடுச்சு சரி, ஊசியில நூல் கோக்க வரலையே?"

இந்தக் கேள்விதான் என்னை ஒருவகை ஆய்வுக் கட்டுரைகளின் பக்கம் தள்ளியது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனை வைத்து, பின்னால் எவ்வளவு பார்வை வரும் என்று கணிக்கும் கட்டுரைகள். படித்ததில் எனக்கு உறுத்தியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அவற்றின் பலம். ஓசிடி பற்றிய முதல் கட்டுரை 1991-ல் வந்தது. அதே வருஷம்தான் கெல்லியும் வெண்டலும் 52 கண்களில் இந்த ஆபரேஷனைச் செய்து, 58% துளைகள் மூடியதாக எழுதினார்கள். இன்று துளையின் அகலத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறோம். 2013-ல் வந்த சர்வதேச வகைப்பாட்டின்படி 250 வரை சிறியது, 400-க்கு மேல் பெரியது. அகலம் கூடக்கூட மூடும் வாய்ப்பு குறையும். இதில் எனக்குச் சண்டை இல்லை. இங்கே ஒரு படம் இன்னொரு படத்தைக் கணிக்கிறது, அவ்வளவுதான்.

பார்வை அப்படியில்லை. "15 எழுத்துக்கு மேல் முன்னேற்றம்" என்பதை வெற்றியாக வைக்கும் கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். 15 எழுத்து என்றால் சார்ட்டில் மூன்று வரி. ஏற்கெனவே 6/9 பார்ப்பவருக்கு அதற்கு மேல் மூன்று வரி ஏற இடமே அதிகமில்லை. 6/60-ல் இருப்பவருக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆக, ஸ்கேனையே பார்க்காமல் பழைய பார்வை அளவை மட்டும் வைத்துக்கூட ஓரளவு கணித்துவிடலாம். அப்புறம் ஸ்கேன் எதற்கு? பழைய அளவோடு ஸ்கேனையும் சேர்த்தால் கணிப்பு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் படித்த சிலவற்றில் அந்த ஒப்பீடே இல்லை.

இன்னொன்று கண்புரை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு புரை வேகமாக வளரும். ஆறாம் மாதம் சார்ட்டில் எழுத்து மங்கினால், காரணம் விழித்திரையா, லென்ஸா? முன்னால் எடுத்த விழித்திரைப் படத்துக்கு அது எப்படித் தெரியும்? தவிர, நேர்கோடு வளைந்து தெரிவதை இந்த சார்ட் அளப்பதே இல்லை. அத்தையின் ஊசி அங்கேதான் தப்பிப் போகிறது.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறு. "இந்தக் கண்ணுக்குப் பெரிய முன்னேற்றம் வராது" என்று ஒரு மாடல் சொன்னால், அதைக் காரணம் காட்டி ஆபரேஷனே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த மாடல் கற்றதெல்லாம் ஆபரேஷன் செய்த கண்களிடம். செய்யாமல் விட்ட கண் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. முழுத் துளையை அப்படியே விட்டால் பெரும்பாலும் அது பெரிதாகிக்கொண்டே போகும், பார்வையும் குறையும். அங்கே மூன்று வரி ஏறாவிட்டாலும், இருப்பது மிஞ்சுவதே லாபம்.

அத்தையிடம் கேட்டேன்: "இவ்வளவுதான் வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஆபரேஷனுக்குப் போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன். ஆனா, கட்டைப் பிரிச்ச அன்னிக்கு அழுதிருக்க மாட்டேன்."

கணிப்பால் உதவி உண்டென்றால், அது இங்கேதான். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், இதிலிருந்து இதுவரை வரலாம், இதெல்லாம் திரும்பாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். இந்த மாதிரிக் கட்டுரை கையில் கிடைத்தால் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தனி ஒருவருக்குக் கணிப்பு எத்தனை வரி தப்புகிறது என்ற இடத்தையும் தேடிப் படியுங்கள்.