உடைத்துப் பார்த்த சிலம்பு

மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். சிலப்பதிகாரத்தைக் கற்பின் காவியம் என்றும், ஊழின் காவியம் என்றும் நம்மவர் பலபடப் பேசியிருக்கிறார்கள். அது சரிபார்க்கப்படாத ஒரு செய்தியின் கதையுமாகும். அரசனுக்குக் கிடைத்த சாட்சி ஒன்றே ஒன்று; அச்சாட்சி சொன்னவனோ அரசியின் சிலம்பைத் தானே களவாடியவன். அவனுக்கு அந்தப் பொய்யால் என்ன லாபம் என்று கேட்க அந்த அவையில் ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் கண்ணகி வந்தாள். அவளுடைய கண்ணீர் வழக்கைத் தீர்க்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று, எல்லோர் கண்முன்னும் உடைத்துக் காட்டியதே தீர்த்தது. எவரும் தம் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யக்கூடிய சான்று அது.

போர்ச் செய்தியைத் திறந்த மூலங்களைக் கொண்டு சரிபார்த்தல் என்று இன்று வழங்கும் கலையின் சாரமும் இதுதான். ஒரு காணொளி வருகிறது. அதில் தெரியும் மலைமுகடும் கோபுரமும் தெருவளைவும் எந்த ஊருக்கு உரியவை என்று செய்மதிப் படத்தோடு ஒப்பிடுகிறார்கள். நிழலின் நீளத்தைக் கொண்டு நேரத்தைக் கணிக்கிறார்கள். அதே படம் முன்னர் வேறெங்கேனும் வெளிவந்ததா என்று தேடுகிறார்கள். 2014 ஜூலை 17இல் உக்ரேன் வானில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டபோது, அதை வீழ்த்திய ஏவுகணை வண்டி வந்த வழியைச் சாதாரண மக்கள் எடுத்த படங்களைக் கோத்தே தன்னார்வ ஆய்வாளர்கள் தீட்டிக் காட்டினர். பெயர்தான் புதிது, தொழில் நமக்குப் பழையது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை அடுக்கிவைத்து, பாடபேதம் பார்த்து, இடைச்செருகலை இனங்கண்டு செய்த வேலையே அது. ஏட்டின் இடத்தில் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது.

மஸ்கெலியாவில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. 2009இன் தொடக்க மாதங்களில் வன்னிப் போர் அவர்களை முள்ளிவாய்க்கால் மணலுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. இங்கே லயத்துக் காம்பராவில் வானொலியை மாற்றி மாற்றித் திருப்பிய தாய்மார்களுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. தங்கை உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்வி. ஒரு நிலையம் பொதுமக்கள் எவருக்கும் சேதமில்லை என்றது. மற்றொரு நிலையம் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்றது. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாய் நின்றாள். அவளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இந்த விமர்சனத்தின் பொருள்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் ஊழியரும் தொண்டு நிறுவனங்களும் வன்னியைவிட்டு வெளியேறும்படி செய்யப்பட்டனர். சுதந்திரமான பத்திரிகையாளருக்கு உள்ளே இடமில்லை. பார்க்கும் கண்களை முதலில் அகற்றிவிட்டுப் பின்னர், ‘பார்த்தவர் யார்?’ என்று கேட்பது அதிகாரத்தின் பழைய தந்திரம். ஆயினும் வானத்தில் ஒரு கண் எஞ்சியிருந்தது. 2009 ஏப்ரல் 27இல், கனரகப் பீரங்கிகளையும் விமானக் குண்டுகளையும் இனிப் பயன்படுத்துவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. மே 6ஆம் தேதியும் 10ஆம் தேதியும் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டனர். இடைப்பட்ட நாட்களில் எறிகணை விழுந்த குழிகள் தோன்றியிருந்தன. கூடாரங்கள் பெருமளவில் மறைந்திருந்தன. அறிவிப்பு ஒரு பாடம், நிலம் மற்றொரு பாடம். இரண்டையும் ஒப்புநோக்கிய வாசகனுக்கு எது இடைச்செருகல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூடாரங்கள் எரிந்தனவா, மக்களே பெயர்த்துக்கொண்டு ஓடினார்களா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. சான்று எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே அதனிடமிருந்து பெற வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பிரித்தானியாவின் சானல் 4 தொலைக்காட்சி, கண்ணும் கையும் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளியொன்றை ஒளிபரப்பிற்று. போலி என்று அரசாங்கம் மறுத்தது. தன் நிபுணரைக் கொண்டும் அவ்வாறே சொல்வித்தது. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், சவப் பரிசோதனை, துப்பாக்கி, காணொளி ஆகிய மூன்று துறைகளில் மூன்று நிபுணர்களிடம் அதை ஒப்படைத்தார். 2010 ஜனவரியில் அவர் வெளியிட்ட முடிவு, காணொளி உண்மையானதாகவே தோன்றுகிறது என்பது. அதைவிட முக்கியமான வேறொன்று அங்கே உண்டு. விளக்க முடியாத சிலவற்றையும் அவர் மறைக்கவில்லை: சுடப்பட்ட சிலரின் உடலசைவு, முடிவிலுள்ள 17 சட்டகங்கள், போர் முடிந்த பின்னரான 2009 ஜூலை 17 என்ற தேதி காணொளியில் பதிந்திருந்தமை. தன் முடிவுக்கு எதிராகப் பேசக்கூடியதைத் தானே எடுத்து மேசைமேல் வைக்கும் இந்த நேர்மையே விமர்சனத்தின் உயிர். 2011இல் அடுத்த சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோப் ஹெய்ன்ஸ், அக்காணொளியின் நீண்ட வடிவத்தையும் ஆராயச் செய்து, உண்மையானது என்றே முடிவு கண்டார்.

சாட்சியின் வாயை மட்டும் பார்த்தாற் போதாது; அவன் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வன்னியிலிருந்த அரசாங்க வைத்தியர்கள் போர்க்காலத்தில் தொலைபேசி வழியே இறந்தோர் தொகை சொன்னார்கள். மே மாதம் அவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். ஜூலை 8இல் கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தினோம் என்றார்கள். முதற் கூற்று புலிகளின் ஆட்சிப் பிரதேசத்தில் சொல்லப்பட்டது. இரண்டாவது கூற்று அரசாங்கத்தின் காவலில் சொல்லப்பட்டது. இரண்டையும் தனித்தனியே நம்ப முடியாது என்றால், மூன்றாவது சான்று தேட வேண்டும். செய்மதிப் படமும் தப்பி வந்தோர் வாக்குமூலமும் அங்கேதான் பயன்படுகின்றன.

நம் பக்கத்துப் பொய்யையும் நாம் சொல்லியாக வேண்டும். மே 18இல், ஆம்புலன்ஸ் வண்டியில் தப்பியோடுகையில் பிரபாகரன் கொல்லப்பட்டார் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் நந்திக்கடல் ஓரத்தில் உடல் கிடைத்தது என்றார்கள். முதற் செய்தி ஆட்டங்கண்டதைப் பற்றிக்கொண்டு, அவர் தம் மரணச் செய்தியைத் தொலைக்காட்சியில் தாமே பார்த்துக்கொண்டிருப்பதாக ஒட்டிச் செய்த படமொன்று தமிழ்நாட்டில் அச்சேறிற்று. இங்கும் பலர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். புலிகளின் சார்பிற் பேசிய செல்வராசா பத்மநாதனே மே 24இல் மரணத்தை ஒப்புக்கொண்டார். துயரம் பொய்யை மன்னிக்கும். ஆனால் பொய், துயரப்படுவோரின் மெய்யான சாட்சியத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகளே சுட்டார்கள் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியதை விட்டுவிட்டு, அதே அறிக்கை அரசாங்கத்தைப் பற்றி எழுதியதை மட்டும் மேடையிற் படிப்பவன் சான்றை மதிப்பவனல்லன்.

இனி, இந்தக் கலையின் மேலேயே ஒரு குற்றச்சாட்டை வைக்க வேண்டும். சரிபார்த்தல் என்பது மௌனத்துக்குப் போர்வையாகவும் ஆகலாம். ஐ.நா.வின் இலங்கை அலுவலகம், 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டதாக உள்ளுக்குள் கணக்கு வைத்திருந்தது. உறுதிப்படுத்தப்படவில்லை என்ற காரணத்தின்பேரில் அக்கணக்கைப் பகிரங்கப்படுத்தவில்லை. பின்னர் நிபுணர் குழு, இறந்தோர் தொகை 40,000 வரையும் இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. அந்த மௌனத்தை ஐ.நா.வின் சொந்த விசாரணையே 2012இற் கண்டித்தது. தெரிந்தது இவ்வளவு, எப்படித் தெரிந்தது என்பது இவ்வாறு, தெரியாதது இது என்று அன்றே சொல்லியிருக்கலாம். அரைகுறைச் செய்தியை முழுச் செய்தியாக விற்பது ஒரு குற்றம்; தெரிந்ததைப் பூட்டிவைப்பது மற்றொரு குற்றம். செய்மதிகளுக்கும் உடைமையாளர் உண்டு. எந்த மண்ணைப் படம் பிடிப்பது, எதை வெளியிடுவது, எப்போது வெளியிடுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் வல்லரசுகளும் பெரிய கம்பெனிகளுமே. கண் திறந்திருக்கிறது என்பதனால் மனச்சாட்சியும் திறந்திருக்கிறது என்று கொள்ள முடியாது.

இன்று பொற்கொல்லன் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறான். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது, கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் முழங்கின; துறைமுகம் வழமைபோல் இயங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவ்வாண்டு ஜனவரியில் விமானம் விழுந்து எரிந்த காட்சி, கராச்சி எரியும் காட்சியாக உலவிற்று. கணினி விளையாட்டொன்றின் போர்க் காட்சிகள் உக்ரேன் போராகவும் காசாப் போராகவும் பல முறை பரப்பப்பட்டன. வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்யும் தோட்டத்துப் பெண்களின் குடும்பங்கள், அங்கே போர் மூண்டதாக வரும் ஒவ்வொரு படத்துக்கும் நெஞ்சு பதறுகின்றன. பொய்ச் செய்தியின் விலையை முதலிற் கொடுப்பவர்கள் அவர்களே.

ஆசிரியர்கள் இதைக் கற்பிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, தராசின் முள்ளைப் பார்த்து, கழிவு எத்தனை கிலோ என்று கேட்டு, தன் கொப்பியிற் குறித்து, மாத முடிவில் செக்ரோலோடு ஒப்பிடும் தொழிலாளிப் பெண்ணை மாணவருக்குக் காட்டினாற் போதும். கணக்கு எழுதியவர் யார்? அவருக்கு அதில் என்ன லாபம்? எந்த நாள்? எந்த இடம்? வேறு சாட்சி உண்டா? அவள் கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு மேல் எந்தப் பல்கலைக்கழகமும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தன் நாட்கூலிக்காக அவள் காட்டும் விழிப்பை, பிறருடைய உயிருக்காக நாம் காட்ட வேண்டும் என்பதே வித்தியாசம்.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் மேலே வருகின்றன. முதியவர்கள் கரையில் நின்று தெருக்களை அடையாளம் காட்டுகிறார்கள். உண்மையும் அவ்வாறு தானாக ஒரு நாள் வெளிவரும் என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. தானாக வருவது சுவர் மட்டுமே. அது எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்ல, நினைவுள்ள மனிதன் ஒருவன் கரையில் நிற்க வேண்டும். கண்ணகிக்கும் சான்று கிடைத்தது கோவலன் மாண்ட பிறகே. உடைத்துப் பார்க்கும் பழக்கம் அவையிலே முன்னரே இருந்திருந்தால் மதுரை எரிந்திராது.