கேமராவுக்கு முன்னால் வளர்ந்தவர்கள்

உருவப்படக் கலைஞர் ஒருவருக்குத் தாயோ தந்தையோ முன்னோடி என்றால், கேமரா கைமாறிய கதையாகவே அதை எழுதிவிடுகிறோம். அப்படியும் நடந்திருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனின் மகன் ஹென்றி, லண்டனில் ஸ்டூடியோ வைத்துத் தாயின் தொழிலையே செய்தார். ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் படம் எடுப்பவர்கள் அல்ல, எடுக்கப்படுபவர்கள். என் பார்வையில் செல்வாக்கு தொடங்குவது அங்கேதான்.

உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) தன்னையும் தன் இரு மகள்களையும் ஓயாமல் படமெடுத்தார். மகள் அம்ரிதா எடுத்ததோ தூரிகை. என்றாலும் அவருடைய சுய ஓவியங்களில், தன்மேல் பதியும் பார்வைக்குச் சிறு வயதிலேயே பழகிய ஒருத்தியைக் காண்கிறேன்.

தில்லியில் 1961-இல் பிறந்த புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் கதை இன்னும் நெருக்கமானது. லாகூரில் பிறந்த அவருடைய தாய் நோனி சிங் தொழில்முறைக் கலைஞர் அல்ல. தங்கைகளை அலங்கரித்து நிறுத்தினார், மகள்களைப் படமெடுத்தார், எல்லாவற்றையும் ஆல்பங்களில் பத்திரப்படுத்தினார். 2013-இல் வெளிவந்த அவருடைய படத்தொகுப்பின் பெயரே ‘தி ஆர்க்கைவிஸ்ட்’.

மகளின் தொடக்கம் வேறு திசையில் இருந்தது. தபலா கலைஞர் ஜாகிர் உசேனைப் பின்தொடர்ந்து 1986-இல் ஒரு நூல், நியூயார்க்கில் படிப்பு, பிறகு பத்திரிகை வேலை. 1989-இல் ஒரு லண்டன் நாளிதழுக்காகத் தில்லித் திருநங்கை மோனா அகமதைப் படமெடுத்தார். லண்டனிலுள்ள உறவினர்கள் பார்த்துவிடுவார்களே என்று மோனா கலங்கியதும் ஃபிலிமை அவரிடமே கொடுத்துவிட்டார். அந்தச் சுருளை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நீண்ட நட்பு பிறந்தது. மோனா தத்தெடுத்த மகளின் பிறந்தநாள் கொண்டாட்டங்களைத் தயானிதா எடுத்த படங்களில் செய்தியாளரின் அவசரம் இல்லை. வீட்டு ஆல்பத்துக்கு எடுக்கும் உறவுக்காரியின் பொறுமைதான் தெரிகிறது. 2001-இல் அவை மோனாவின் சொந்த வார்த்தைகளோடு நூலாயின. பின்னர் அவருடைய ‘பிரைவசி’ நூலில் வசதியான குடும்பங்கள் தங்கள் வரவேற்பறையிலேயே நின்றன.

2008-இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ தாயின் பங்கை வெளிப்படையாகக் காட்டியது. துணியாலான பெட்டிக்குள் ஏழு சிறு மடிப்பு நூல்கள். விரித்தால் அலமாரித் தட்டில் தனியாக நிற்கும், ஒரு சிறு கண்காட்சிபோல. வாரணாசி, கல்கத்தா, நம் பத்மநாபபுரம் என்று ஊர்ப்பெயர்கள் தாங்கிய அந்த வரிசையில் ஒன்றின் பெயர் ‘நோனி சிங்’. அதிலுள்ள படங்களை எடுத்தவர் தாய். ஒளியமைப்பைவிட, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்ற ஆல்பக்காரியின் கணக்கைத்தான் மகள் பெற்றிருக்கிறார் என்று நினைக்கிறேன். தயானிதா தனிப்படத்தைவிடத் தொகுப்பையே தன் கலைவடிவமாக்கியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நோனியின் படங்களை மகளின் முன்னுரையாக மட்டும் வாசிப்பது அநியாயம். பிரிவினைக்குப் பிந்தைய நடுத்தர வர்க்கப் பெண்கள் எப்படித் தோன்ற ஆசைப்பட்டார்கள் என்பதை, அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பெண் பதிவுசெய்திருக்கிறார். அவருக்குத் தனியே ஒரு விரிவான ஆய்வு வர வேண்டும்.