நன்னூலார் கண்ட மாணாக்கர்

நன்னூல் கற்கப் புகும் மாணவன் எழுத்தையும் சொல்லையும் எட்டுமுன் தன்னையே அதிற் காண நேர்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சீயகங்கன் வேண்ட இந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக உவமித்துத் தலை, இடை, கடை என மூவகையுள் அடக்கினார். முதலிரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, எஞ்சிய நான்கும் கடை என்பது உரை. வகுப்பில் இச்சூத்திரம் வரும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுண்டு. எருமை எவன் என்பது அவர்களுக்குத் தெரியும், அவனுக்குந் தெரியும்.

உவமைகளின் நுட்பத்தை யாரும் மறுக்கமாட்டார். கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திற் கிடந்து அசைபோடும் ஆவைக் காட்டிலும் நல்ல மாணவனுக்கு வேறு உவமை தேடவேண்டியதில்லை. ஆயின், கிளி இடையிலும் ஆடு கடையிலும் வைக்கப்பட்டமை ஆராயத்தக்கது. கற்பித்ததையன்றி வேறொன்றுஞ் சொல்லாத கிளி, செடிக்குச் செடி தாவி மேயும் ஆட்டினும் எவ்வாறு உயர்ந்தது? ஏடும் எழுத்தாணியுமாய் இருந்த காலத்தில், பாடம் பிறழாது நெஞ்சில் நிறுத்துவோன் நூலைக் காப்பவன் ஆவான். அக்காலத்துக்கு அத்தீர்ப்பு நியாயமே. அச்சு நூல் மலிந்த பின்னரும் அதே வரிசையைப் பேணுதல் நம்முடைய சோம்பலன்றிப் பிறிதன்று. நீரைக் கலக்கியுண்ணும் எருமையும் அத்தகையதே. ஆசிரியனை வருத்திக் கேட்பவன் என்பர் உரைகாரர். வினாக்களால் ஆசிரியனை வருத்துவோனும் அதனுள் அடங்குவனாயின், அவனைக் கடையில் வைக்க யான் உடன்படேன்.

மண்ணோ வேறொரு கதை. உழவன் முயற்சிக்குத் தக்க விளைவு தருவது மண். இங்கே குற்றமுங் குணமும் பாதி ஆசிரியன் தலையில் விழுகின்றன. நன்னூலாரும் இதை அறியாதவரல்லர். கொள்வோன் எவ்வகையாற் கொள்வான் என்றறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு நூல் கொடுக்கவேண்டும் எனச் சற்று முன்னரே விதித்துள்ளார். அவரே பிணியனுக்கும் மந்தனுக்கும் நூல் சொல்லலாகாது என விலக்கவுஞ் செய்தார். 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் இந்நாட்டில், அவ்விலக்கு நமக்கு இல்லை. வாயிலில் வந்த எவனும் நம் மாணவன்.

மேனாட்டாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். நுண்ணறிவு ஒன்றன்று, பல என 1983இல் ஹவார்ட் கார்ட்னர் எழுதினார். கண்ணாற் கற்பவன், காதாற் கற்பவன் எனப் பிள்ளைகளைப் பிரித்து, அவ்வவ் வழியே பாடஞ் சொல்லும் முறையும் பரவிற்று. ஆனால் 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதாற் பயன் விளையும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர். பிள்ளைகள் வேறுபடுகின்றனர் என்பதை அவர் மறுத்தாரல்லர். ‘எருமை’ என்றாலும் ‘கண்ணாற் கற்பவன்’ என்றாலும், நெற்றியில் ஒட்டும் சீட்டுச் சீட்டேயாம்.

என் பிழையொன்றையுஞ் சொல்லவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு சூத்திரத்தையேனும் மறுநாள் ஒப்புவிக்கமாட்டாத மாணவன் ஒருவனை இல்லிக்குடம் என்றே மனத்துட் குறித்துவைத்திருந்தேன். ஒருநாள் பாடசாலை விட்ட பின், வேப்பமரத்தடியில் அவன் கீழ்வகுப்புப் பையன் ஒருவனுக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொண்டிருந்தான். சூத்திரம் அவன் வாயில் வரவில்லை. மணலிற் கோடு கீறி, நிலைமொழியை ஒரு புறமும் வருமொழியை ஒரு புறமும் எழுதி, இடையில் நேர்வதைச் சுள்ளியால் தொட்டுக் காட்டினான். பையனுக்கு விளங்கிற்று. எனக்கும் அன்றுதான் சில விளங்கின.

ஆசிரியன்பாற் காற்கூறும், உடன் பயில்வோரிடம் காற்கூறும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் புலமை நிரம்பும் என்று நன்னூலார் கணக்கிட்டிருக்கிறார். அதனை எத்தனையோ முறை படிப்பித்தவன் யான். அவ்வாண்டு முதல், எட்டு உவமைகளையும் சொல்லும் நாளிலேயே கோடன் மரபையுஞ் சொல்லி முடித்துவிட்டுத்தான் மணியடிக்கக் காத்திருக்கிறேன்.